ஆறரை மணி ரயிலைத் தவறவிடு

கேள்வி: டாக்டர், நான் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு பொங்கோல். கல்லூரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வகுப்பில் ஏறக்குறைய முந்நூறு பேர், தமிழ்ப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிறையப் பேர் இரண்டு மூன்று பெரிய தொடக்கக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள், முன்னமே ஒருவரை ஒருவர் தெரியும். என் தொடக்கக் கல்லூரியிலிருந்து நான் ஒருத்திதான். ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போதே பேச்சு மாண்டரினுக்கு மாறிவிடுகிறது. பரீட்சை முடிந்தால் குடிக்கப் போவார்கள், நான் குடிப்பதில்லை. அம்மா எட்டரைக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்பார், "படிக்கத்தானே போறே, கூட்டாளி எதுக்கு" என்பார். யாரும் என்னிடம் மோசமாக நடந்துகொண்டதில்லை, ஆனால் நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துவிடுவார்கள். யாரோடு மாட்டுவேனோ என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. சில நாள் ரயிலிலேயே அழுதுவிடுகிறேன். என்னிடம் ஏதாவது குறையா? பின்குறிப்பு: நான் பொட்டு வைப்பேன். வார்டில் அது ஒரு மாதிரியாகத் தெரியுமா?
— வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: உன் வயசில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதனால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன், கோவிச்சுக்காதேம்மா.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மாண்டரின், குடி, பெரிய கல்லூரிக் கூட்டம் எல்லாம் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை எட்டரை மணி மட்டும்தான் தெரிந்தது. பொங்கோலில் எட்டரைக்கு இருக்கவேண்டும் என்றால் நீ ஏழு மணிக்குக் கிளம்பவேண்டும், அம்மாவுக்குப் பயந்து ஆறரைக்கே கிளம்பிவிடுவாய் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு "சரி, எங்கே சாப்பிடலாம்?" என்று ஆரம்பிக்கிற நேரம் சரியாக அதுதான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார், புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் வைத்துச் செய்தது. அறிமுகமான ஒருவர் ஓரளவு பழக்கமான கூட்டாளி ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்கவேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்வதற்குச் சுமார் 90, நெருங்கிய நட்பு என்றால் 200 மணி நேரத்துக்கும் மேல். அதில் எனக்குச் சுருக்கென்று பட்ட இடம் என்ன தெரியுமா, ஒரே இடத்தில் வேலை பார்த்த நேரம், ஒரே வகுப்பில் உட்கார்ந்த நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் பெரிதாக ஏறுவதில்லை. சேர்ந்து சாப்பிட்டது, விளையாடியது, வெட்டிக்கதை பேசியது, அதுதான் ஏறுகிறது. நீ இந்த ஒன்றரை வருஷத்தில் அவர்களோடு எத்தனையோ நூறு மணி நேரம் விரிவுரை கேட்டிருப்பாய். வெட்டிக்கதை எத்தனை மணி நேரம்? பத்து தேறுமா?

அந்தப் பெரிய கல்லூரிப் பிள்ளைகள் உன்னைவிட நன்றாகப் பழகத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. பதினாறு பதினேழு வயசிலேயே, சில பேர் உயர்நிலைப் பள்ளியிலேயே, அந்த 200 மணி நேரத்தைப் போட்டுவிட்டு வந்தவர்கள். இப்போது வட்டியில் சாப்பிடுகிறார்கள். பையன்களில் பலருக்கு இதற்கு மேலே தேசிய சேவை வேறு, ஒரே பங்க்கில் படுத்து எழுந்து ஒரே சார்ஜெண்டிடம் திட்டு வாங்கியவர்களுக்கு அறிமுகம் என்ன அறிமுகம். பெண்களுக்கு அந்தச் சேமிப்பும் கிடையாது.

நான் 1995இல் சேர்ந்தபோது மருத்துவத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் பெண்களுக்கு. 1979இல் கொண்டுவந்த வரம்பு, பெண் டாக்டர்கள் பாதியில் வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள், 2003 சேர்க்கையிலிருந்துதான் எடுத்தார்கள். எரிச்சலான காலம். ஆனால் நாங்கள் கொஞ்சப் பேர் என்பதால் எல்லாப் பெண்களுக்கும் எல்லாப் பெண்களையும் தெரியும், ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் யாராவது வீட்டுக்குப் போன் போடுவார்கள். இப்போது பெண்கள் ஏறக்குறைய சரிபாதி. இது தான் வேண்டியது, அந்தக் காலம் திரும்ப வரட்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தானாகச் சேர்ந்துகொண்ட அந்தக் கூட்டம் போய்விட்டது, உன்னைப் போன்ற பிள்ளை அதை ஒவ்வொரு நூலாகத் தானே நூற்கவேண்டியிருக்கிறது.

என் முதல் வருஷமும் உன்னுடையது மாதிரிதான் போனது. தோ பாயோ வீட்டுக்கு இருட்டுவதற்குள் ஓடிவிடுவேன், அப்பா அப்படி. என்னைக் காப்பாற்றியது ஓர் எலும்புப் பெட்டி. உடற்கூறியல் படிக்க எங்களில் சில பேர் இரண்டு பேருக்கு ஒரு பெட்டி என்று வைத்திருந்தோம். எனக்குக் கூட்டு, பிடோக்கில் இருந்த ஒரு மலாய்ப் பெண். ஒரு வாரம் அவள் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை நடுவழியில் ஒரு கோப்பிக்கடையில் கைமாற்றிக்கொள்வோம். அஞ்சு நிமிஷ வேலை. மடியில் மனுஷ எலும்பை வைத்துக்கொண்டு தே தாரே குடித்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம், எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டோம். அப்பாவுக்கு அது "படிப்பு விஷயம்", அதனால் அனுமதி. என் மகள் அவளைத்தான் சித்தி என்று கூப்பிடுகிறாள்.

ஆக உனக்கு ஓர் எலும்புப் பெட்டி வேண்டும். வாரத்தில் ஒரு கிழமையைப் பிடி, புதன் என்று வைத்துக்கொள்வோம், அன்றைக்கு ஆறரை மணி ரயிலை வேண்டுமென்றே தவறவிடு. அதே கிழமை, அதே இடம், இரண்டு மணி நேரம். நாற்பது வாரம் போனால் 80 மணி நேரம், அதில் பாதி படிப்பில் போனாலும் வெட்டிக்கதை 40 மணி நேரம், அந்த 50ஐ நெருங்கிவிடுவாய். தேதி தேதியாக "எப்போ ஃப்ரீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் மருத்துவப் பிள்ளைகள் யாருமே ஃப்ரீ கிடையாது, பட்டமளிப்பு விழாவில்தான் சந்திப்பீர்கள்.

யாரோடு என்று கேட்பாய். அந்தப் பெரிய கல்லூரிக் கூட்டத்துக்குள் நுழைய முட்டி மோதாதே, அது பூட்டிய வீடு, உள்ளே இருப்பவர்களுக்குப் பூட்டியிருப்பதே தெரியாது. அவர்களில் யாராவது ஒருத்தி தனியாக மாட்டும்போது பேசு, அது வேறு. அதற்கு முன்னால் கேன்டீனை ஒரு வாரம் நன்றாகப் பார். போனைப் பார்த்துக்கொண்டே மீ சியாம் சாப்பிடுகிற ஒரு பெண் இருப்பாள். ஈப்போவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வந்து விடுதியில் இருக்கிற ஒருத்தி இருப்பாள், வார இறுதியில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட அவள் மட்டும் அறையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் "நாம் தோழிகளாக இருக்கலாமா" என்று யாரும் கேட்கமாட்டோம், வெட்கக்கேடு. "புதன்கிழமை நரம்பியல் கேள்விகள் சேர்ந்து பார்க்கலாமா, அப்புறம் பரோட்டாக் கடைக்குப் போகலாம்" என்று கேட்டால் போதும். கேள்வி ஒரு மணி நேரம், பரோட்டா ஒரு மணி நேரம், உனக்கு வேண்டியது அந்த இரண்டாவது மணி நேரம். உன் குறிப்புகள் நன்றாக இருந்தால் வகுப்பு டெலிகிராம் குழுவில் நீயாகவே போட்டுவிடு. கியாசுத்தனம், அதாவது எங்கே பின்தங்கிவிடுவோமோ என்ற பயம், பிடித்த இடத்தில் கேட்காமலே கொடுக்கிறவளை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

மாண்டரின் விஷயம். முதல் நிமிஷத்திலேயே சிரித்துக்கொண்டே "இங்கிலீஷ், ப்ளீஸ்" என்று சொல்லிவிடு. பத்து நிமிஷம் பல்லைக் கடித்துவிட்டுச் சொன்னால் முகத்தில் கோபம் வந்துவிடும். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, நாம் நாலு தமிழர் சேர்ந்தால் பக்கத்தில் இருக்கிற மலாய்ப் பிள்ளையை மறந்துவிடுவதில்லையா, அதுதான். மூன்று தடவை சொல்லியும் மாறாதவர்கள் என்றால், சரி, புதன்கிழமைக்கு அவர்கள் வேண்டாம். குடி இன்னும் சுலபம். குடிக்கும் முன்னால் எல்லாரும் எங்கேயாவது சாப்பிடுவார்கள், அதற்குப் போ, சாப்பிடு, கிளம்பு. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் அது பேச்சுப்பொருள் ஆகும்.

அப்புறம் அம்மா. இந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டு. அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, எட்டரை மணிக்குக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலையை நானும்தான் செய்கிறேன். ஆனால் உங்கள் மகள் இன்னும் சில வருஷத்தில் இரவு முழுக்க வார்டில் நிற்கப்போகிறாள், மறுநாள் மத்தியானம்தான் வீட்டுக்கு வருவாள், அப்போது அவள் காய்ச்சலில் விழுந்தால் அந்த டூட்டியை வாங்கிக்கொள்வது நீங்களோ நானோ இல்லை, இப்போது கூடப் படிக்கிற யாரோ ஒரு பிள்ளை. படிப்பு முடிந்ததும் அஞ்சு வருஷம் அரசாங்க ஒப்பந்த வேலை, அதிலும் சுற்றி இருக்கப்போவது இதே முகங்கள்தான். கூட்டாளி எதுக்கு என்று கேட்டீர்களே, இதுக்குத்தான். புதன்கிழமை மட்டும் பத்தரை மணி வரை விட்டுப்பாருங்கள். யாரோடு போகிறாள் என்று தெரியவேண்டும் என்றால் அந்தப் பிள்ளையைத் தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள், விடுதிச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போன பிள்ளைக்கு உங்கள் முறுக்கு மருந்து மாதிரி இருக்கும்.

உனக்கும் ஒன்று: பத்தரை என்று சொல்லிவிட்டு பதினொன்றே காலுக்கு வராதே. ரயில் ஏறியதும் அம்மாவுக்கு ஒரு செய்தி போடு. குழுவில் பையன்களும் இருப்பார்கள், தேக்காவில் பார்த்தேன் என்று எந்த ஆன்ட்டியாவது அம்மாவுக்குப் போன் போடுவதற்கு முன்னால் நீயே பெயர் சொல்லிவிடு.

இனி ஆஸ்பத்திரி. அங்கே நட்பின் கணக்கே மாறிவிடும், பயப்படுகிற அளவுக்கு இல்லை, இன்னும் சொல்லப்போனால் உனக்குச் சாதகமாகத்தான் மாறும். ஒரு வகுப்பு முந்நூறு பேரை ஒரே இடத்தில் உட்கார வைக்கும், வார்டு அஞ்சாறு பேரைப் பசியோடு நிற்க வைக்கும். காலை ஆறரைக்கு ரத்தம் எடுக்கப் போனால் எவ்வளவு பெரிய கல்லூரியிலிருந்து வந்தவனுக்கும் ஊசி குத்தத் தெரியாது.

பெண் நோயாளியை ஓர் ஆண் மாணவன் பரிசோதிக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் நிற்கவேண்டும். ஷாப்பரோன் என்பார்கள். குழுவில் பெண்கள் குறைவு என்றால் "கொஞ்சம் வந்து நிற்கிறாயா" என்று நாள் முழுக்க உன்னைத்தான் தேடுவார்கள். இன்னொன்று, தமிழ் மட்டுமே பேசுகிற பாட்டி, கை நசுங்கி வந்த தமிழ்நாட்டுக் கட்டுமான ஊழியர், இவர்களிடம் பேச உன்னை விட்டால் ஆள் இருக்காது. நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய், முதல் வாரமே தெரியும். செய். ஆனால் சும்மா நின்றுவிட்டு வராதே. "நான் வந்து நிற்கிறேன், நீ முடித்ததும் நானும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவேண்டும், கூட இரு" என்று சொல். கதவுக்குப் பக்கத்தில் நின்றே போஸ்டிங்கை, அதாவது ஒரு பிரிவில் செய்கிற பயிற்சியை, முடித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லாருக்கும் உதவியாக இருந்தார்கள், பரீட்சையில்தான் கை நடுங்கியது. பயிற்சிக்கு ஒருவரை ஒருவர் பரிசோதித்துப் பார்ப்பீர்கள், பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார்கள், உனக்கு அது முடியாது, முடியவேண்டிய அவசியமும் இல்லை. இதற்காகவாவது குழுவில் இருக்கிற இன்னொரு பெண்ணோடு முதல் வாரமே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிடு. உயிர்த்தோழி ஆகவேண்டியதில்லை, திரையை இழுத்துவிட்டு நிற்கிற அளவுக்கு நம்பிக்கை போதும்.

நோயாளிகள் உன்னைத் தாதி என்று நினைத்து "மிஸ்ஸி" என்று கூப்பிடுவார்கள். பக்கத்தில் அதே வெள்ளைக்கோட்டில் நிற்கிற பையனை "டாக்டர்" என்பார்கள். எனக்கு இன்றும் நடக்கிறது, இருபது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. முதலில் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபத்தில் தாதியரிடமிருந்து தள்ளி நிற்க ஆரம்பித்துவிடாதே, இளம் பெண் மாணவிகள் செய்கிற பெரிய தப்பு அது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது நிபுணரும் பையன்களும் பேசிக்கொண்டே ஆண்கள் உடைமாற்றும் அறைக்குள் போய்விடுவார்கள். கேஸைப் பற்றிய பேச்சு உள்ளே தொடரும், யார் உதவிக்குக் கை கழுவிக்கொண்டு நிற்பது என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். நான் தாதியர் அறையில் தனியாகச் செருப்பை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு வாரம் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் மூத்த தாதி ஒருவர், "கையை அப்படிக் கழுவினால் உன்னை வெளியே அனுப்பிவிடுவார், இங்கே வா" என்று இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுத்தார். அந்த நிபுணருக்கு எந்தத் தையல் நூல் பிடிக்கும், எப்போது கேள்வி கேட்கலாம், எப்போது வாயைத் திறக்கக்கூடாது, எல்லாம் அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். நாலாம் வாரம் அந்த அம்மாவே "இந்தப் பிள்ளை நிற்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பையன்கள் முழித்தார்கள். அந்த ஏற்பாடு நியாயம் என்று சொல்லவரவில்லை, இல்லவே இல்லை, முடிந்தால் அறைக்குள் போகும் முன்னாலேயே "நாளைக்கு நான் நிற்கலாமா" என்று நிபுணரிடம் நேராகக் கேட்டுவிடு. நான் கேட்காமல் இருந்ததுதான் தப்பு.

நெருங்கியவர்களைவிட இப்படி ஓரளவே தெரிந்தவர்கள்தான் புதுச் செய்தியும் வாய்ப்பும் கொண்டுவருவார்கள் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே எழுதினார், அவர் பார்த்தது வேலை தேடியவர்களை. வார்டு எழுத்தர், மருந்தாளர், இரவு டூட்டித் தாதி, பெயர் கேட்டு வைத்துக்கொள். சீனியர் அக்காக்களும் இந்தக் கணக்குத்தான். "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று பெரிய சுமையைத் தூக்கி வைத்தால் ஓடிவிடுவார்கள், "குழந்தைகள் மருத்துவப் போஸ்டிங்குக்கு எந்தப் புத்தகம் போதும்?" என்று சின்னதாகக் கேட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கும் பதில் வரும். கல்யாணம், பிள்ளை, எந்தத் துறை என்கிற பேச்செல்லாம் நாலாவது ஐந்தாவது கேள்வியில் தானாக வரும், அதை நிபுணரிடம் கேட்கமுடியாது, அந்த அக்காவிடம்தான் கேட்கமுடியும்.

தொண்டூழியமும் நல்ல வழி. தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் 2007இல் தொடங்கிய நெய்பர்ஹுட் ஹெல்த் சர்வீஸ் மாதிரி, வாடகை வீடுகளில் கதவு கதவாகத் தட்டி ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிற வேலை எந்தக் கல்லூரியில் இருந்தாலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிற நேரம், யாரும் திறக்காத கதவுக்கு முன்னால் நிற்கிற நேரம், எல்லாம் வெட்டிக்கதை நேரம். ஒன்றில் மட்டும் சேர், நாலில் சேர்ந்தால் எல்லா இடத்திலும் கூட்டம் மட்டும்தான் போடுவாய்.

பழைய தோழிகளை விட்டுவிடாதே. கணக்குப் படிக்கிறவளோ பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறவளோ, ஒருத்தியாவது மருத்துவம் என்றால் என்னவென்றே தெரியாதவளாக இருக்கட்டும். பரீட்சை மார்க்கைக் கேட்காத ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

ரயிலில் அழுவதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய், நான் விடமாட்டேன். மாதத்தில் ஒரு நாள் என்றால் களைப்பு. வாரத்தில் பல நாள், கூடவே தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, படிக்க உட்கார்ந்தால் ஒன்றும் ஏறவில்லை என்றால் அது வேறு, புதன்கிழமைப் பரோட்டாவால் தீராது. 2016இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பார்த்தது, 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் இருந்தன, அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் 15.7 விழுக்காடுதான். டாக்டராகப் போகிறவர்களே டாக்டரிடம் போவதில்லை, பார். கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் ஒரு நேரம் வாங்கு, இந்த வாரமே. ராத்திரியில் தாங்கமுடியாமல் போனால் 1767, சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

குழு அறிவித்ததும் பிடிக்காத பெயரைப் பார்த்துவிட்டு மாற்றித்தரச் சொல்லிக் கேட்காதே. மூன்று வாரம் கொடு. ஒருவன் எப்படிப்பட்டவன் என்பது வார்டில் அவன் தாமதமாக வந்த காலைக்கு உன் பெயரை இழுக்கிறானா இல்லையா என்பதில் தெரிந்துவிடும், டெலிகிராமில் தெரியாது.

பொட்டு. தாராளமாக வை. நான் மாணவியாக இருந்த நாளிலிருந்து வைக்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை, முகக்கவசம் போட்ட வருஷங்களில் அது ஒன்றுதான் அடையாளமாக வெளியே தெரிந்தது, எந்த இனத்துத் தாத்தாவாக இருந்தாலும் "அந்தப் பொட்டு டாக்டர் எங்கே?" என்று கேட்டு வருவார்கள். வளையலை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. தொற்றுத் தடுப்புத் தாதி கண்ணில் பட்டால் எல்லார் முன்னாலும் கழற்றச் சொல்லிவிடுவார்.